விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துரணும்

மே மாச லீவுக்கு பத்து நாள் தேனி, மாமியார் வீடு. அந்த பத்துல எனக்குன்னு மூணு நாள் வேணும், பைக் எடுத்துட்டு மலைக்குப் போகணும்னு ஏப்ரல்லயே வீட்ல மெதுவா ஆரம்பிச்சுட்டேன். நேரா கேட்டா கிடைக்காதுன்னு தெரியும், அதனால "உங்க ஊரச் சுத்தி எவ்ளோ நல்ல நல்ல மலை இருக்கு, நீ அங்கயே பொறந்து வளந்துட்டு அதோட அருமையே தெரியல"ன்னு ஒரு ஞாயித்துக்கெழம காபியோட எடுத்து விட்டேன். அவ கப்பக் கீழ வச்சிட்டு "ஏங்க, எத்தன நாள் வேணும், நேராச் சொல்லுங்க"ன்னா. பதினோரு வருஷக் கல்யாணம், எதையும் சுத்தி வளச்சுச் சொல்ற வசதி போயிருச்சு.

மூணு நாள் ஓகே ஆச்சு. ஆனா கண்டிஷன் நாலு. தொடர்ந்து ரெண்டு நாள் கெடையாது, ஒரு நாள் ரைடுன்னா அடுத்த நாள் புள்ளைங்களோட, வைகை டேமோ கும்பக்கரையோ சுருளியோ எங்க கேக்குதுங்களோ அங்க. ஞாயித்துக்கெழம கெடையவே கெடையாது, சொந்தக்காரங்க வருவாங்க, கறிக்கொழம்பு. வீரபாண்டித் திருவிழா நாள்ல கெடையாது. நாலாவதுதான் முக்கியம், எங்க போனாலும் விளக்கு வைக்கிறதுக்குள்ள வீட்ல இருக்கணும்.

வீரபாண்டி கண்டிஷன் சாமி விஷயம்னு மட்டும் நெனச்சேன், அப்புறம்தான் அது ரூட் விஷயம்னும் புரிஞ்சுது. சித்திரைல கௌமாரியம்மன் கோயில்ல எட்டு நாள் திருவிழா, ராத்திரி பகலா ஜனம் தீச்சட்டி எடுத்துட்டு நடந்து வரும், கோயில் இருக்கறது தேனிலேர்ந்து கம்பம் போற ரோட்ல. அந்த நாள்ல அந்தப் பக்கம் பைக்ல போய் மலையேறலாம்னு நெனச்சீங்கன்னா வீரபாண்டிலயே மத்தியானம் ஆயிரும். மூணு நாள எந்த எடத்துல வைக்கிறதுன்னு பாக்க முதல்ல எடுக்க வேண்டியது மேப் இல்ல, காலண்டர்.

தேனி தெரியாதவங்களுக்கு ஒரு வரி. மொட்ட மாடில நின்னா மூணு பக்கமும் மலை. வடக்க கொடைக்கானல் மலை, மேக்க கேரளா, தெக்க மேகமலை. மேக்கால ஏறிப் போறதுக்கு மூணு வாசல், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. நம்ம ஊர்ல கணவாய்னு யாரும் சொல்ல மாட்டாங்க, மெட்டுதான். "மெட்டு ஏறியாச்சா", "மெட்டுல மழையா"ன்னுதான் பேச்சு. பைக்காரனுக்கு இதவிட நல்ல மாமியார் ஊர் தமிழ்நாட்டுல இருக்கறதா எனக்குத் தெரியல, கல்யாணத்துக்கு முன்னாடி இது தெரிஞ்சிருந்தா ஜாதகமே பாக்க வேணாம்னு சொல்லியிருப்பேன்.

வண்டிக்கு வருவோம். என் வண்டி சென்னைல. ரயில் பார்சல்ல போடலாமான்னு ஒரு யோசனை, 2023 ஜூன்லேர்ந்து போடி வரைக்கும் சென்னை ரயில் வருதே. ஆனா பத்து நாளைக்காக டேங்க்க காலி பண்ணி சாக்கு சுத்தி அனுப்பி எடுத்துன்னு அலையணும். மாமாவோட பழைய ஸ்ப்ளெண்டர் வீட்லயே நிக்குது. நூறு சிசி கூட முழுசா கெடையாது, நாலு கியர், ரெண்டு பக்கமும் டிரம் பிரேக், டியூப் டயர் (இந்த டியூப் டயர ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்). மச்சினன் சிரிச்சான், "இதுல மூணாறா மச்சான்"னு. மலைக்குப் பெரிய வண்டிதான் வேணும்ங்கறது ரோட்டப் பாக்காம வீடியோ பாக்கறவங்க பேச்சு. கொண்டை ஊசி வளைவுல ரெண்டாவது கியர்ல இருபதுல போறதுக்கு நானூறு சிசி என்னத்துக்கு. வளைவுக்கு நடுவுல லாரி நின்னுட்டா கால ஊனி வண்டியத் திருப்ப முடியணும், அதுக்கு நூத்திப் பத்து கிலோ வண்டி தெய்வம்.

மாமாவுக்கு இந்த மலையெல்லாம் அத்துபடி. இளவயசுல ஏலக்கா யாவாரத்துல கணக்குப் பாத்தவர், வாரத்துல ரெண்டு வாட்டி போடிமெட்டு ஏறி எறங்கியிருக்கார். நான் போனத் திருப்பித் திருப்பி மேப் காட்டினேன், "தேனி மூணாறு ரெண்டரை மணி நேரம்னு போட்டிருக்கு மாமா"ன்னு. அவர் போன வாங்கக்கூட இல்ல. தினசரி காலண்டர்ல கிழிச்ச தாள் நாலஞ்ச எடுத்து பின்பக்கத்தத் திருப்பி வச்சிட்டு "எத்தன மணிக்கு வீட்டுக்கு வரணும் மாப்ள, அத மொதல்ல எழுதுங்க"ன்னார்.

அந்த ஒரு வார்த்தைலதான் என் ப்ளானிங்கே தலகீழாச்சு. நான் எப்பவும் கெளம்பற நேரத்தப் போட்டு, போற எடத்தப் போட்டு, கடைசில வர்ற நேரம் எங்க விழுதோ விழட்டும்னு விட்டுருவேன். தனியா போனா அது சரி. குடும்பத்தோட வந்த எடத்துல கடைசி நேரம்தான் முதல் வரி. ஆறு மணிக்கு வீட்ல இருக்கணும்னா அஞ்சுக்கு அடிவாரம், அஞ்சுக்கு அடிவாரம்னா நாலுக்கு மெட்டு, அப்படியே பின்னாடி எண்ணிட்டே வந்தா காலைல எத்தன மணிக்கு எந்திரிக்கணும்னு தானா வந்து நிக்கும். அது எனக்குப் பெரும்பாலும் நாலே கால்னு வந்துச்சு.

கிலோமீட்டர மறந்துருங்கன்னார். தரைல மணிக்கு நாப்பத்தஞ்சு, மலைல இருபத்தஞ்சு, அதுக்கு மேல கணக்குப் போடாதீங்க. முப்பத்தஞ்சுல போக முடியும், நான் போயிருக்கேன், ஆனா டீ குடிக்கிறது, போட்டோ எடுக்கிறது, லாரி பின்னாடி மாட்டிக்கிறது, பனில நிக்கிறது எல்லாம் சேத்தா இருபத்தஞ்சுதான் நிக்குது. இது போக ரெண்டு மணி நேரம் தனியா ஒதுக்கணும், மாமா பாஷைல "ஒரு பஞ்சருக்கும் ஒரு மழைக்கும்".

இன்னொண்ணு வெயில் எந்தப் பக்கம்ங்கறது. போடிமெட்டு மலையோட கெழக்கு முகத்துல இருக்கு. காலைல ஏறினா சூரியன் முதுகுல, ரோடு தெளிவாத் தெரியும். சாயங்காலம் எறங்கினா சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் போயிரும், ஊருக்குள்ள வெளிச்சம் இருக்கும்போதே வளைவெல்லாம் இருட்டக் கட்டும். அஞ்சரைக்கு இருட்டாதுங்கறது தரைல இருக்கறவங்க கணக்கு.

இதெல்லாம் விட எனக்குப் புதுசா இருந்தது ஜீப் கணக்கு. தேனி மாவட்டத்து ஊர்கள்லேர்ந்து தெனமும் இடுக்கி ஏலக்காத் தோட்டத்துக்கு வேலைக்குப் போறவங்க ஜீப்லதான் போவாங்க, அதிகமும் பொம்பளைங்க. காலைல மேல, சாயங்காலம் கீழ. தோட்டத்துல ஆளெண்ணும் நேரத்துக்கு எறக்கி விடணும்னு டிரைவருங்க பறப்பாங்க. அவங்க ஏறும்போது நீங்க முன்னாடி போயிருக்கணும், எறங்கும்போது நீங்க அதுக்கு முன்னாடியே எறங்கியிருக்கணும், இதுதான் மாமாவோட சட்டம். போன்ல இருக்கற எந்த மேப்பும் இத உங்களுக்குச் சொல்லாது.

முதல் ரைடு செவ்வாய். போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், ராமக்கல்மேடு, கம்பம்மெட்டு வழியா எறங்கி கம்பம், சின்னமனூர், தேனி. நூத்தி அறுபது எழுபது கிலோமீட்டர் வரும். பேப்பர்ல எட்டு மணி நேரம். அஞ்சு மணிக்குக் கெளம்பினா ஒரு மணிக்கு வீடு, பஞ்சர் மழைக் கணக்கு சேத்து மூணு. விளக்கு வைக்க எவ்ளோ நேரம் இருக்குன்னு பெருமையா காட்டினேன்.

கெளம்பறப்ப அத்தை எந்திரிச்சு காபி போட்டுக் குடுத்தாங்க, மாமா சட்டைக்கு உள்ள நெஞ்சுல பழைய பேப்பர் ரெண்டு மடிப்பு வைக்கச் சொன்னார். மே மாசத்துல தேனில எதுக்கு நெஞ்சுல பேப்பர்னு மனசுக்குள்ள சிரிச்சிட்டே வச்சேன். போடில பெட்ரோல் ஃபுல் பண்ணிட்டு முந்தல் தாண்டி ஏற ஆரம்பிச்சதும் முதல்ல காத்துல இருக்கற சூடு போச்சு, அப்புறம் புழுக்கம் போச்சு, பாதி மலையில கை வெரல் வெறைக்குது. ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு டிகிரி கொறையும்னு படிச்சிருக்கோம், ஆனா வேர்வைல நனஞ்ச பனியனோட ஏறும்போது அது ஆறு டிகிரியாத் தெரியாது. பேப்பர் வேல செஞ்சுது. ரைடிங் ஜாக்கெட் விளம்பரம் எதுலயும் இத வாசிக்க முடியாது.

போடிமெட்டு ரோட்ல பதினேழு கொண்டை ஊசி. ஏழாவதோ எட்டாவதோ ஏறும்போது கீழ பாத்தா ரெண்டு ரெண்டா ஹெட்லைட்டு வரிசையா ஏறி வருது. ஜீப்பு. நான் டீக்கு நிக்காம இருந்திருந்தா மெட்டுக்குப் போயிருப்பேன், போடில நின்னு ஒரு டீ குடிச்சதுக்கான பலன். அடுத்த வளைவுக்குள்ள முதல் ஜீப் முதுகுல வந்துருச்சு. ஹாரன் ஒண்ணுதான் அடிச்சான், நீளமா. நான் ஓரமா ஒதுங்கி கால ஊனினேன். உள்ள எத்தன பேர்னு எண்ண முடியல, தலைல துண்டு கட்டி, ஃபுல் கை ஆம்பளச் சட்டையப் பொடவைக்கு மேல போட்டு, மடில தூக்குவாளி. பின்னாடி கடைசி சீட்ல ஒரு அம்மா கால் வெளிய தொங்கப் போட்டு வெத்தல மடிச்சிட்டு இருந்துச்சு, அந்த வளைவுல, அந்த வேகத்துல, ஒரு கையால கூட எதையும் பிடிக்கல. என்னப் பாத்து "ஓரமாப் பாத்துப் போப்பா"ன்னுச்சு. நான் ரெண்டு கையாலயும் ஹேண்டில்பார இறுக்கிப் பிடிச்சிட்டு, ஹெல்மெட், கிளவுஸ், முட்டிக்குக் காப்புன்னு எல்லாம் போட்டு நிக்கிறேன். அதுக்கப்புறம் பதினோரு ஜீப் போச்சு, நான் கெளம்பல.

மேல போனதும் பனி. செக்போஸ்ட்டே பத்தடி கிட்டப் போனப்புறம்தான் தெரிஞ்சுது. கேரளாவுக்குள்ள போறதுக்கு முன்னாடி பேப்பர் விஷயம் ஒண்ணு, வண்டி உங்க பேர்ல இல்லன்னா ஆர்சி ஒரிஜினல், இன்சூரன்ஸ், பொகை சர்டிபிகேட் மூணையும் கைல வச்சுக்கோங்க. ஹெல்மெட் விஷயத்துல பின்னாடி உக்கார்றவங்களுக்கும் சேத்துதான், 2023 ஜூன்லேர்ந்து அங்க ஏஐ கேமரா பாத்துட்டு இருக்கு.

பூப்பாறைலேர்ந்து உடும்பன்சோலை வரைக்கும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஏலக்காத் தோட்டம், மேல பெரிய மரம், அடில இருட்டா பச்சையா செடி. ஸ்டோர்ல ஏலக்கா காயப்போடுற வாசன ஹெல்மெட்டுக்குள்ள வந்து உக்காந்துச்சுன்னா அடுத்த ஊர் வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் டீத்தோட்டம் மாதிரி போட்டோக்கு நிக்காது, அதனால கூட்டமும் இல்ல. எனக்கு மூணாற விட இதுதான் புடிச்சது, சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.

ராமக்கல்மேட்டுல காத்து ஆளத் தள்ளுது. வெளிம்புல நின்னா கீழ கம்பம் பள்ளத்தாக்கு மொத்தமும் தட்டுல பரப்பி வச்ச மாதிரி, கோம்பை, தேவாரம் பக்கம், வயக்காடு, கொளம். அங்கேர்ந்து வீட்டுக்கு போன் போட்டு "உங்க ஊரு தெரியுது"ன்னேன். "எங்க ஊர்ல இட்லி ஆறுது, மத்தியானத்துக்காவது வர்றீங்களா"ன்னு பதில். கம்பம்மெட்டுல எறங்கும்போது மணி ஒண்ணு, ஜீப் ஒண்ணு கூட இல்ல. மாமா சொன்ன மாதிரி ரெண்டாவது கியர்ல போட்டுட்டு ஆக்ஸிலேட்டர விட்டுட்டேன், இன்ஜினே புடிச்சுக்குது, பிரேக்க வளைவுக்கு முன்னாடி மட்டும் தொட்டேன். "பிரேக்க நம்பாதீங்க மாப்ள, கியர நம்புங்க." டிரம் பிரேக்க அஞ்சு கிலோமீட்டர் அழுத்திட்டே எறங்கிப் பாருங்க, கருகின வாசன வரும், அப்புறம் லிவர் மட்டும் வரும், வண்டி நிக்காது. கியர் இல்லாத ஸ்கூட்டர எடுத்துட்டு மலைக்கு வர்றவங்களப் பாத்தா எனக்கு அடிவயிறு கலங்குறது இதனாலதான்.

கம்பத்துல ரெண்டு கிலோ பன்னீர் திராட்சை வாங்கிட்டு ரெண்டே காலுக்கு வீடு. எல்லாரும் சந்தோஷம். இந்த ஜெயிப்புதான் அடுத்த ரைடுக்கு எமனாச்சு.

ரெண்டாவது ரைடுக்கு நான் போட்ட ரூட் இது. தேனி, போடிமெட்டு, மூணாறு, மறையூர், சின்னார், உடுமலை, பழநி, ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, தேனி. கிட்டத்தட்ட முன்னூத்தி இருபது கிலோமீட்டர். மலையில ஒரு பக்கம் ஏறி இன்னொரு பக்கம் எறங்கி அப்படியே மலையச் சுத்தி வர்ற ஆச. மேப்புல பாத்தா குரங்கணியும் டாப் ஸ்டேஷனும் ஒட்டிட்டு இருக்கற மாதிரித் தெரியும், அங்க ஒரு ரோடு இருந்தா எல்லாமே சின்னதாயிரும், ஆனா கெடையாது. ஒரு காலத்துல மூணாறு டீய டாப் ஸ்டேஷன் வரைக்கும் ரயில்ல கொண்டு வந்து அங்கேர்ந்து ரோப்வேல குரங்கணிப் பக்கம் எறக்கியிருக்காங்க. அந்த ரயில் 1924 வெள்ளத்துல போனது போனதுதான். நூறு வருஷத்துக்கு முன்னாடி டீத்தூள் எறங்கின வழில இன்னிக்கு பைக் எறங்க முடியாது, சுத்தித்தான் வரணும்.

கணக்கு போட்டேன். தரை நூத்தித் தொண்ணூறு, நாலே கால் மணி நேரம். மலை நூத்தி முப்பது, அஞ்சே கால். மொத்தம் ஒம்பதரை, சாப்பாடு டீ எல்லாம் ரெண்டு மணி நேரம். அஞ்சுக்குக் கெளம்பினா நாலரைக்கு வீடு. அஞ்சுன்னு வீட்ல சொல்லிட்டேன், அன்னிக்கு சாயங்காலம் பெரியம்மா வீட்டுக்கு எல்லாரும் சாப்பிடப் போறதா வேற பேச்சு. மாமா காலண்டர் தாளப் பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "இதுல பஞ்சருக்கு எடமில்லையே மாப்ள"ன்னார். வரும்போது வேகமாப் புடிச்சிருவேன் மாமான்னேன். அவர் தாள மடிச்சுக் குடுத்துட்டார், அதுக்கு மேல மாப்பிள்ளைகிட்ட என்ன சொல்ல முடியும்.

மூணாறு வரைக்கும் அருமை. போடிமெட்டு மூணாறு ரோட 2024 ஜனவரில அகலப்படுத்தித் தொறந்துட்டாங்க, ஆனையிறங்கல் பக்கம் தண்ணியும் டீத்தோட்டமும், கேப் ரோட்ல ஒரு பக்கம் செதுக்கின பாறை இன்னொரு பக்கம் ஒண்ணுமே இல்ல. இந்த ஆனையிறங்கல் சின்னக்கானல் பக்கம்தான் அரிசிக்கொம்பன் யானை சுத்திட்டு இருந்தது. 2023 ஏப்ரல்ல புடிச்சு பெரியார் காட்டுல விட்டாங்க, மே கடைசில அது கம்பத்துக்குள்ள நடந்து வந்துருச்சு, ஊருக்கே 144. அந்த வாரம் கம்பத்துல இருந்த எங்க சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரும் யானையத் தான்தான் கிட்டத்துல பாத்ததாச் சொல்லுவாங்க, கூட்டிப் பாத்தா யானைக்கு நடக்கவே எடமிருந்திருக்காது.

எட்டரைக்கு மூணாறு. ஒம்பதுக்கு அஞ்சாம் மைல் கிட்ட நின்னேன், ராஜமலைக்கு வரையாடு பாக்கப் போற கூட்டம், மே மாசம், கார், டெம்போ டிராவலர், பஸ்ஸு எல்லாம் ஒரே ரோட்ல. பைக்குதானே புகுந்து போயிரலாம்னா எதிர்ல வர்றவங்களும் அதே மாதிரி புகுந்து வந்து மூக்கும் மூக்கும் முட்டி நிக்கிறாங்க. ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். என்கிட்ட கையிருப்பு இருந்ததே அரை மணி நேரம்.

மறையூர் எறங்க எறங்க மழைக்காடு காஞ்ச காடாகுது, ஒரே மலைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம். மேல் காத்து அந்தப் பக்கமே மழையெல்லாம் கொட்டிட்டு வந்துரும், இங்க சந்தனமரமும் முள்ளுமரமும்தான். மறையூர்ல கரும்பு காய்ச்சுற ஆலைல நின்னு சர்க்கரை வாங்கினேன், நம்ம வெல்லம்தான், உருண்ட, கையில புடிச்ச வெரல் தடம் அப்படியே இருக்கும். கம்பம் திராட்சைக்கும் புவிசார் குறியீடு, மறையூர் சர்க்கரைக்கும் புவிசார் குறியீடு, நான் வீட்டுக்குக் குடுத்த லஞ்சம் ரெண்டுமே அரசாங்க முத்திரை பெற்றது.

சின்னார் செக்போஸ்ட் தாண்டி தமிழ்நாட்டுக் காட்டுக்குள்ள நாலஞ்சு கிலோமீட்டர் வந்திருப்பேன், பின்பக்கம் ஆடுச்சு. ரோடு சரியில்லன்னு நெனச்சேன். அப்புறம் மறுபடி ஆடுச்சு. எறங்கிப் பாத்தா பின் டயர் தரைல ஒட்டிக் கெடக்கு, ரெண்டு இஞ்ச் முள்ளு. டியூப்லெஸ்னா காத்தடிச்சிட்டு உடுமலை வரைக்கும் ஓட்டியிருக்கலாம். டியூப் டயர், உக்காந்தா உக்காந்ததுதான். பம்ப் கெடையாது, டியூப் கெடையாது, ஸ்பேனர் இருக்கு, அத வச்சு என்ன பண்றது. போன்ல ஒரு கோடு கூட இல்ல. பக்கத்துல போர்டு, வாகனத்த நிறுத்தாதே, யானைகள் கடக்கும் எடம்.

மத்தியானம் ஒண்ணு மணி. காடுன்னா சத்தம் இருக்கும்னு நெனப்போம், அந்த வெயில்ல ஒண்ணும் இல்ல, இன்ஜின் ஆறுற டிக் டிக் மட்டும். ரோட்டோரத்துல யானை லத்தி கெடந்துச்சு, காஞ்சது, அதக் குச்சியால கிண்டி எத்தன நாளானதுன்னு கணக்குப் போடுற அளவுக்குப் போயிட்டேன். ரெண்டு கார் நிக்காமப் போச்சு, அவங்களயும் தப்பு சொல்ல முடியாது, போர்டு அப்படி. முக்கா மணி நேரம் கழிச்சு வளைவுல சத்தம். யானை வரும்னு பயந்துட்டு இருந்தேன், வந்தது குட்டியானை. மறையூர்ல தக்காளி எறக்கிட்டு காலி டப்பாவோட உடுமலை திரும்புது. டிரைவர் தம்பி எறங்கி டயரயும் என்னயும் பாத்தான், "ஏறுங்கண்ணா, ஒம்பதாறு தாண்டிப் பேசிக்கலாம்"னான். ஒம்பதாறுங்கறது செக்போஸ்ட், பேரே அதான். ரெண்டு பேரும் ஸ்ப்ளெண்டரத் தூக்கி டப்பாவுக்கு நடுவுல வச்சோம், தூக்க முடிஞ்சுதே, அதச் சொல்லணும். பின்னாடி வண்டியப் புடிச்சிட்டு நான் நின்னுட்டே வந்தேன், தக்காளிச் சாறு பேண்ட்டெல்லாம்.

உடுமலைல பஞ்சர் கடைக்காரர் டியூபப் பாத்துட்டு ஏற்கெனவே நாலு ஒட்டு இருக்குன்னு புது டியூபே போட்டார். வீட்டுக்கு போன் பண்ணேன். நடந்ததச் சொன்னேன். "சாப்டீங்களா"ன்னு மட்டும் கேட்டா. திட்டினாக்கூட பரவால்ல, அந்த ஒரு கேள்வி ரொம்ப மோசம். அதுக்கப்புறம் பழநி தாண்டி ஒட்டன்சத்திரம் வர்றதுக்குள்ள கோடமழை இடியோட புடிச்சு அரை மணி நேரம் ஒரு பெட்டிக்கடைல நின்னு, வத்தலக்குண்டுக்கு அப்புறம் எதிர் லாரி லைட்ல கண்ணு கூசி முப்பதுலயே உருட்டி, வீட்டுக்கு வந்தா எட்டே முக்கால். பெரியம்மா வீட்டுக்கு யாரும் போகல. மாமா வாசல்ல சேர் போட்டு உக்காந்திருந்தார். ஒண்ணும் சொல்லல, பின் டயர மட்டும் கட்ட வெரலால அமுக்கிப் பாத்தார். அத்தைதான் வெல்லப் பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்துட்டு "மறையூர்ச் சர்க்கரையா, நல்லாருக்கே, இதுக்காகவா மாப்ள அவ்ளோ தூரம் போனீங்க"ன்னாங்க. கிண்டலா நெசமான்னு இன்னிக்கு வரைக்கும் கண்டுபிடிக்க முடியல.

மூணாவது ரைடு பெரியகுளத்துலேர்ந்து அடுக்கம் ரோடு வழியா ஏறி பெருமாள்மலை, கொடைக்கானல், பழநிப் பக்கமா எறங்கறதுன்னு வச்சிருந்தேன். கொடைக்கானலுக்கு 2024 மே 7லேர்ந்து இ-பாஸ் இருக்கே, வண்டி நம்பரப் போட்டு அதுவும் எடுத்து வச்சாச்சு. அத நான்தான் கேன்சல் பண்ணேன். யாரும் பண்ணச் சொல்லல, ஆனா ராத்திரி எட்டே முக்காலுக்கு வந்தவன் எந்த மூஞ்சிய வச்சிட்டு காலண்டர் தாளக் கேக்கறது.

அவதான் கடைசி நாளுக்கு முந்தின நாள் சொன்னா, "எல்லாருமா மேகமலை போலாம், நாங்க கார்ல, நீங்க ஒங்க வண்டில வாங்க". இந்த யோசன எனக்கு ஏன் முதல்லயே வரலன்னு இன்னும் நொந்துக்கறேன். மச்சினன் கார ஓட்டினான், புள்ளைங்க, அத்தை, புளிசாதம், மாமா முன் சீட்டு. சின்னமனூர்லேர்ந்து தென்பழநி செக்போஸ்ட், காலைல ஆறுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும்தான் விடுவாங்க, புலிகள் காப்பகம், போறதுக்கு முந்தின நாள் ஒரு வார்த்த விசாரிச்சுக்கோங்க. பதினெட்டு கொண்டை ஊசி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பூப்பேரு போர்டு, புள்ளைங்க கார் ஜன்னல்ல தலைய நீட்டி ஒவ்வொரு பேரா எனக்குக் கேக்கற மாதிரி கத்திட்டு வந்துச்சுங்க. நான் முன்னாடி போய் வளைவுல நின்னு எதிர்ல வண்டி இருக்கா பாத்து கை காட்டுவேன், கார் வரும். இப்படி ஒரு ரைடு நான் போனதே இல்ல, மணிக்கு பதினஞ்சு கிலோமீட்டர், ஒரு நாள் முழுக்க.

எறங்கும்போது மூணாவது வளைவுல கார் நின்னுச்சு. அவ எறங்கி வந்து மச்சினனோட ஹெல்மெட்ட மாட்டிட்டுப் பின்னாடி உக்காந்தா. ரெண்டு வளைவு பேசல. அப்புறம் "அன்னிக்கு காட்டுல எவ்ளோ நேரம் நின்னீங்க"ன்னு கேட்டா. முக்கா மணி நேரம்னேன். "சீட்டுக்கு அடில எடம் இருக்கா"ன்னா. எதுக்குன்னேன். "டியூபு வைக்க."

அஞ்சே முக்காலுக்கு தென்பழநி செக்போஸ்ட்டத் தாண்டினோம். சின்னமனூர்ல கடை தொறந்திருந்துச்சு, ஒரு பின் டியூப், ஒரு முன் டியூப், ஒரு கை பம்ப்.